பஸ் குனிய வேண்டுமா, தரை உயர வேண்டுமா?

கோடை விடுமுறையில் சேலத்திலிருந்தோ வேலூரிலிருந்தோ உறவினர் வந்து இறங்கினால், பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் முதலில் எழும் பேச்சு பன்னர்கட்டா சஃபாரிதான். சிங்கம், புலி, கரடி எல்லாம் உண்டு. 2024 ஜூனிலிருந்து சிறுத்தை சஃபாரியும் சேர்ந்து கொண்டது. பிள்ளைகள் துள்ளுவார்கள். பாட்டி மட்டும், "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்" என்பார். வீட்டுக்குக் காவல் வேண்டும் என்றா அப்படிச் சொல்கிறார்? பஸ்ஸின் படிகள் அவர் மனக்கண் முன் வந்து நிற்கின்றன.

அந்தப் படிகளின் கணக்கைப் பார்ப்போம். நம் நாட்டில் சாதாரண பஸ் என்பது நெடுங்காலமாக லாரிச் சட்டத்தின் மேல் கூண்டு கட்டியதாகவே இருந்து வந்திருக்கிறது. அதன் தளம் தரையிலிருந்து சுமார் 1,150 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 45 அங்குல உயரம். தாழ்தள பஸ்ஸில் இது 400 மில்லிமீட்டர், சுமார் 16 அங்குலம்தான். மூட்டுவலிக்காரருக்கு இந்த வித்தியாசம் வெளியே போவதா, வீட்டில் இருப்பதா என்பதையே தீர்மானித்து விடுகிறது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கோ முதல் வகை பஸ்ஸில், மற்றவர்கள் தூக்கி ஏற்றினால் தவிர, இடமே இல்லை.

பெங்களூரில் தாழ்தள பஸ்கள் ஓடாமல் இல்லை. குளிர்சாதன வஜ்ரா பஸ்கள் அந்த வகையைச் சேர்ந்தவை. அண்மையில் வந்த மின்சார பஸ்களிலும் தாழ்தளம் இடம்பெறத் தொடங்கியிருக்கிறது. ஆனால் இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். 2023 ஜூன் 11-ல் தொடங்கிய 'சக்தி' திட்டத்தின்படி கர்நாடகத்தில் வசிக்கும் பெண்களுக்குச் சாதாரண பஸ்களில் கட்டணம் இல்லை. குளிர்சாதன பஸ்களில் உண்டு. ஆக, அல்சூரிலோ சிவாஜி நகரிலோ இருக்கும் ஒரு மூதாட்டிக்கு, இலவசமாகக் கிடைக்கும் பஸ் பெரும்பாலும் ஏற முடியாத பஸ். ஏற முடிகிற பஸ் பெரும்பாலும் காசு கேட்கிற பஸ். திட்டம் தீட்டியவர்கள் இதை வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். இரு இலாகாக்கள் தனித்தனியே யோசித்தால் இப்படித்தான் ஆகும்.

தாழ்தள பஸ் வந்து விட்டாலும் விஷயம் முடிவதில்லை. பஸ் ஒரு பக்கமாகக் குனிந்து கொடுத்தால் மூன்று அங்குலம் குறையும், மீதி 13. ஆறு அங்குல நடைபாதையை ஒட்டி டிரைவர் நிறுத்தினால் மிஞ்சுவது 7 அங்குலம். மூன்றடிச் சாய்வுப் பலகையை விரித்தால், ஒருவர் பின்னிருந்து தள்ள நாற்காலி ஏறிவிடும். அதே பஸ் நடுச்சாலையில் நின்றாலோ மூன்றடியில் ஓர் அடிக்கு மேல் ஏறியாக வேண்டும். அது சாய்வுப் பலகை அல்ல, சறுக்கு மரம்! அந்த நேரத்தில் பின்னால் நிற்கும் வண்டிகளின் ஹாரன் சத்தமும் சேர்ந்து கொண்டால், கண்டக்டருக்குப் பலகையை விரிக்க மனம் வருமா?

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-வது பிரிவு எல்லா வகைப் போக்குவரத்திலும் அணுகும் வசதி வேண்டும் என்கிறது. பழைய வண்டிகளை மாற்றியமைக்கவும் சொல்கிறது. ஆனால் தொழில்நுட்ப ரீதியில் இயன்றால், பொருளாதார ரீதியில் கட்டுப்படியானால், அமைப்பில் பெரிய மாறுதல் தேவைப்படாவிட்டால் என்று கூடவே நிபந்தனைகளையும் வைத்து விட்டது. இந்தச் சந்தில் ஒரு பஸ்ஸையே ஓட்டிச் செல்லலாம். அரசு பஸ்களில் பத்தில் ஒரு பங்காவது அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2017 டிசம்பரில் கட்டளையிட்டது. 2024 நவம்பரில் அதே வழக்கில், அணுகல் தரங்கள் பற்றிய மத்திய அரசின் 15-வது விதி வெறும் சிபாரிசாக இருக்கிறதே தவிரக் கட்டாயமாக இல்லை என்று கண்டு அதைச் செல்லாதென்றது. கட்டாய விதிகளை வகுக்க மூன்று மாத அவகாசமும் தந்தது.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்டு பூங்காவுக்குள் ஓடும் பஸ்கள் குனிகின்றன. சாய்வுப் பலகையும் உண்டு. அங்கே 1990-ல் வந்த சட்டம் விதிகளைக் கட்டாயமாக்கியதே இதற்கு முக்கியக் காரணம். அந்நாட்டுப் பொது பஸ்களுக்கான விதிகளில் ஓர் அம்சத்தை நாம் அவசியம் பார்க்க வேண்டும். சக்கர நாற்காலி இல்லாமல் கைத்தடியோடு வருகிறவரும், படி ஏற முடியாதவர் என்றால், நின்றபடியே சாய்வுப் பலகையைப் பயன்படுத்தலாம். நம் ஊரிலோ நாற்காலியில் வந்தால் அனுதாபமாவது கிடைக்கும். முழங்காலைப் பிடித்துக் கொண்டு ஏறுகிறவருக்குக் கிடைப்பது, "சீக்கிரம் ஏறும்மா" என்ற அதட்டல்தான்.

சஃபாரிக்கு வருவோம். காட்டுப் பாதை மேடு பள்ளமானது. அங்கே தாழ்தள பஸ் அடிதட்டும் என்று நிர்வாகம் சொன்னால் அது நியாயமே. ஆனால் நகர பஸ்ஸுக்கும் சஃபாரி பஸ்ஸுக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. நகர பஸ் நூறு இடத்தில் நிற்கிறது. சஃபாரி பஸ்ஸில் பயணிகள் ஏறுவதும் இறங்குவதும் ஒரே இடத்தில்தான். நடுவில் இறங்கச் சொன்னாலும் யாரும் இறங்க மாட்டார்கள்! ஆகவே இங்கே பஸ் குனிய வேண்டியதில்லை. தரை உயர்ந்தால் போதும். ரயில்வே பிளாட்பாரம் போல, பஸ் தளத்தின் உயரத்துக்கு ஒரு மேடை வேண்டும். 45 அங்குல உயரத்துக்கு, 12-க்கு 1 என்ற சாய்வில், 45 அடி நீளப் பாதை போதும். நடுவில் இளைப்பாற ஒரு சமதளமும் இருபுறமும் கைப்பிடியும் வைக்கலாம். வண்டியில் செய்ய வேண்டியது வாசலை அகலப்படுத்துவதும், ஓரிரு இருக்கைகளைக் கழற்றி நாற்காலியைப் பிணைக்கக் கொக்கி வைப்பதும்தான். கட்டுப்படியாகாது என்ற வாதம் இதற்கு எடுபடாது.

கர்நாடக மிருகக்காட்சிசாலை ஆணையத்தின் பொறுப்பில் உள்ள பன்னர்கட்டாவுக்கு மட்டும் சொல்வதல்ல இது. தனியார் கேளிக்கைப் பூங்காக்கள் வாசலிலிருந்து உள்ளே அழைத்துச் செல்ல ஓட்டும் வண்டிகளுக்கும் இந்த யோசனை பொருந்தும்; சேவை வழங்குவோர் அரசானாலும் தனியாரானாலும் அணுகல் விதிகளுக்கு உட்பட்டவர் என்பதே அதே சட்டத்தின் 46-வது பிரிவு. நகர பஸ்களைப் பொறுத்தமட்டில், சென்னையில் 2024 ஆகஸ்டில் தாழ்தள பஸ்கள் மீண்டும் ஓடத் தொடங்கியதற்குப் பின்னால் மாற்றுத்திறனாளிகள் கோர்ட்டில் நடத்திய நெடிய போராட்டம் இருக்கிறது. பூங்கா மேடைக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. அடுத்த முறை புறப்படும் இடத்தைச் செப்பனிட டெண்டர் விடும்போது, அந்த 45 அடியையும் வரைபடத்தில் சேர்த்து விடலாம்.