விமானி கனவு: வீட்டை அடகு வைக்கும் முன் போட வேண்டிய கணக்கு

எஸ்பிஎம் முடிவுகள் வந்ததும் கல்விக் கண்காட்சிகள் களைகட்டத் தொடங்கிவிடும். பொறியியல், கணக்கியல், தாதிமைப் படிப்புகளுக்கான கூடங்களுக்கு நடுவே, வெள்ளைச் சட்டையும் தோளில் தங்கப் பட்டையுமாக ஓர் இளைஞர் சிரிக்கும் படத்தோடு ஒரு கூடம் இருக்கும். நம் பிள்ளைகள் அங்கே சற்று அதிக நேரம் நிற்கிறார்கள். பெற்றோர் கையேட்டைத் திருப்பி, கட்டணம் போட்டிருக்கும் பக்கத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

அந்த அமைதிக்குக் காரணம் இருக்கிறது. வர்த்தக விமானியாவதற்கான முழுப் பயிற்சிக்கு நம் நாட்டில் இன்று 3 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் தேவைப்படுகிறது. நடுத்தர வருமானக் குடும்பத்துக்கு அது ஒரு வீட்டின் விலை. தோட்டத்திலிருந்து வெளியேறி, பல ஆண்டு உழைத்து ஒரு மலிவு விலை வீட்டை வாங்கிய குடும்பத்துக்கோ, கையில் இருக்கும் ஒரே சொத்தைவிட அது பெரிய தொகை.

இந்தத் தொகையைக் கண்டு பயப்படாதீர்கள் என்று சொல்பவர்கள் வழக்கமாக ஒரு புள்ளிவிவரத்தை எடுத்துக் காட்டுவார்கள். போயிங் நிறுவனம் 2025-இல் வெளியிட்ட கணிப்பின்படி அடுத்த 20 ஆண்டுகளில் உலகத்துக்கு 660,000 புதிய விமானிகள் தேவை. எண் சரிதான். ஆனால் அது உலகம் முழுமைக்குமான, 20 ஆண்டுகளுக்கான கணிப்பு. அதைச் சொல்வது விமானம் விற்கும் நிறுவனம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. நீங்கள் கடன் தவணை கட்டத் தொடங்கும் ஆண்டில், சுபாங்கிலோ சிப்பாங்கிலோ எத்தனை புதுமுக விமானிகளை வேலைக்கு எடுப்பார்கள் என்பதை அந்த எண் சொல்லாது.

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்தால் போதும். 2010-களில், உரிமம் கையில் இருந்தும் வேலை கிடைக்காத இளம் விமானிகள் பற்றி நாளிதழ்கள் எழுதின. 2015-இல் மலேசியா ஏர்லைன்ஸ் மறுசீரமைப்பில் ஏறக்குறைய 6,000 பேர் வேலை இழந்தனர். 2020-இல் பெருந்தொற்று வந்ததும் விமானங்கள் வரிசையாகத் தரையில் நின்றன. அனுபவமுள்ள கேப்டன்களே வேறு தொழில் தேடிய காலம் அது. பிறகு நிலைமை மாறியது. விமானங்கள் மீண்டும் நிரம்பின, ஆள் தேவையும் வந்தது. இந்தத் தொழில் அலை போன்றது. 18 வயதில் பயிற்சியில் சேரும் பிள்ளை எந்த அலையில் கரை சேரும் என்று யாராலும் உறுதி கூற முடியாது.

அதனால் கனவை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட தொகையை ஒரே நாளில், ஒரே கையெழுத்தில் முடிவு செய்ய வேண்டியதில்லை என்பதே என் வாதம். வழியில் நின்று யோசிக்க இடங்கள் உள்ளன. விற்பனைக் கூடத்தில் அவற்றை யாரும் முதலில் சொல்வதில்லை.

முதல் இடம் மருத்துவமனை. சம்பளம் வாங்கும் விமானிக்கு கிளாஸ் 1 மருத்துவச் சான்றிதழ் கட்டாயம். மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம் அங்கீகரித்த மருத்துவரிடம்தான் இதைச் செய்ய முடியும். கண், காது, இருதயம், இரத்தம், சிறுநீர் என்று எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டவர்கள் விமானியாக முடியாது என்ற பழைய பேச்சு தவறு. கண்ணாடியோடு பார்வை போதிய அளவு தெளிவாக இருந்தால் பெரும்பாலும் தடையில்லை. நிறக்குருடு வேறு விஷயம். பச்சை, சிவப்பு வேறுபாடு சரியாகத் தெரியாத பல ஆண்களுக்கு, சோதனை செய்யும் வரை தங்களுக்கு அந்தக் குறை இருப்பதே தெரியாது. நம் குடும்பங்களில் அதிகம் காணப்படும் நீரிழிவும் சிக்கலைத் தரும். இன்சுலின் ஊசி போடும் நிலை என்றால் கதவு பெரும்பாலும் மூடிவிடும். முழுப் பயிற்சிக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இந்தச் சோதனைக்கான செலவு மிகச் சிறியது. முன்பணம் கட்டும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பதிவு செய்யுங்கள், மருத்துவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அந்த இடத்தில் பேச்சை முடித்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது இடம் பிபிஎல் எனப்படும் தனியார் விமானி உரிமம். நம்மில் பலருக்குக் குழப்பம் வருவது இங்கேதான். பிபிஎல் வைத்திருப்பவர் சிறிய விமானத்தை ஓட்டலாம், அம்மா அப்பாவை ஏற்றிக்கொண்டு பறக்கலாம். ஆனால் அதற்காகச் சம்பளம் வாங்க முடியாது. வேலைக்கான உரிமம் சிபிஎல் எனப்படும் வர்த்தக விமானி உரிமம். "மகன் பைலட் லைசென்ஸ் எடுத்துவிட்டான்" என்று உறவினர் சொன்னால், எந்த லைசென்ஸ் என்று கேட்பதில் தவறில்லை.

அனைத்துலக விதிப்படி பிபிஎல் பெறக் குறைந்தது 17 வயதும், 40 மணி நேரப் பறப்பும் வேண்டும். முழுமையாக அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டம் என்றால் 35 மணி நேரம். அதில் 10 மணி நேரம் பயிற்றுநர் இல்லாமல் தனியாகப் பறக்க வேண்டும். 270 கிலோமீட்டருக்குக் குறையாத ஒரு தனிப் பயணமும், வழியில் வேறு இரண்டு விமான நிலையங்களில் தரையிறங்குவதும் அதில் அடங்கும். சிபிஎல் என்றால் 18 வயது, 200 மணி நேரம். அங்கீகரிக்கப்பட்ட ஒருங்கிணைந்த பயிற்சியில் அது 150 மணி நேரமாகக் குறைகிறது.

விளம்பரத்தில் போடும் விலை இந்தக் குறைந்தபட்ச மணி நேரத்தை வைத்துப் போட்டது. 40 மணி நேரத்தில் பிபிஎல் முடிப்பவர்கள் குறைவு. 50, 60 என்று போவது சாதாரணம். ஒரு மணி நேரத்துக்கு 1,000 ரிங்கிட் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். விளம்பரத்தில் 40,000 என்று இருப்பது 55 மணி நேரத்தில் 55,000 ஆகிவிடும். வகுப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், புத்தகம், ஹெட்செட், தேர்வாளர் கட்டணம், விமானம் இறங்கும் கட்டணம் எல்லாம் இதற்கு மேல். பட்டியலில் உள்ள தொகையோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டித் திட்டமிடுவதே பாதுகாப்பு என்பது என் கருத்து.

அந்த ஒரு மணி நேரத்தை எப்படி அளக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். சில இடங்களில் என்ஜின் ஓடத் தொடங்கியதும் மீட்டர் ஓடும். டாக்சி போலத்தான். ஓடுபாதை காலியாகும் வரை வரிசையில் நிற்கும் 15 நிமிடமும் உங்கள் கணக்கில் சேரும். சுபாங்கில் 2024 ஆகஸ்ட் முதல் ஜெட் விமானங்கள் மீண்டும் வந்துபோகத் தொடங்கின. இப்படிப்பட்ட பரபரப்பான நிலையத்தில் காத்திருப்பு கூடுவது இயல்பு. எரிபொருள் அந்த விலையில் அடங்குமா, எண்ணெய் விலை ஏறினால் கூடுதலாகக் கேட்பார்களா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

வானிலையும் ஒரு செலவுதான். மாணவர்கள் கண்ணால் பார்த்துப் பறப்பவர்கள். பொதுவாக 5 கிலோமீட்டர் தூரமாவது தெளிவாகத் தெரிந்தால்தான் கிளம்பலாம். நம் நாட்டில் பிற்பகல் ஆனால் இடி மழை. கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை பருவமழை. 2015, 2019 போல் புகைமூட்டம் வந்துவிட்டால் வாரக்கணக்கில் விமானம் கொட்டகையில்தான். இரண்டு வாரம் பறக்காத மாணவர் முன்பு கற்றதில் பாதியை மீண்டும் செய்து காட்ட வேண்டியிருக்கும். அந்த மணி நேரத்துக்கும் பணம், தங்கும் அறைக்கும் பணம். ஆகவே கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டுப் பள்ளியைத் தேர்வு செய்வது சரியல்ல. எத்தனை விமானங்கள் பறக்கும் நிலையில் உள்ளன? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள்? கடந்த குழு எத்தனை மாதத்தில் முடித்தது? இவற்றை அலுவலகத்தில் கேட்பதைவிட, அங்கே பயிலும் மாணவர்களிடம் தேநீர் வாங்கிக் கொடுத்துக் கேட்டால் உண்மை கிடைக்கும்.

இனி கடன். இதில்தான் குடும்பங்கள் விழுகின்றன. 350,000 ரிங்கிட்டை 6 விழுக்காடு வட்டியில் 15 ஆண்டுகளுக்குக் கடன் எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 2,950 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அந்தச் சம்பளத்தில் அப்பாவும் அம்மாவும் வேலை செய்தால் மொத்தம் 3,400. தவணை போக 450 ரிங்கிட்டில் ஒரு குடும்பம் வாழ வேண்டும். 15 ஆண்டு முடிவில் கட்டிய தொகை 5 லட்சத்து 30 ஆயிரத்தைத் தாண்டியிருக்கும்.

பிள்ளை உடனே வேலைக்குப் போய்க் கட்டிவிடுவான், கட்டிவிடுவாள் என்பதுதான் எல்லாருடைய எண்ணமும். ஆனால் சிபிஎல் வாங்கிய மறுநாள் யாரும் ஏர்பஸ் 320-இல் உட்கார்ந்துவிட முடியாது. அந்த ரக விமானத்துக்கென்று தனிப் பயிற்சி உண்டு. விமான நிறுவனம் செலவை ஏற்காவிட்டால் அதுவும் நம் தலையில் விழும் பெருந்தொகை. கையேடுகள் இதைச் சிறிய எழுத்தில் சொல்கின்றன, அல்லது சொல்வதே இல்லை.

உதவி எங்கே கிடைக்கும்? மாராவின் கடனுதவி பூமிபுத்ரா மாணவர்களுக்கானது. பிடிபிடிஎன் கடன் எந்தப் பயிற்சிக்கும் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. கிடைத்தாலும் இந்த அளவுத் தொகையை அது ஈடுகட்டாது. எம்ஐஇடி போன்ற நம் சமூக அமைப்புகளின் கல்விக் கடனை விசாரிக்கலாம். ஊழியர் சேமநிதியில் செஜாத்ரா கணக்கிலிருந்து பிள்ளைகளின் உயர்கல்விக்குப் பணம் எடுக்கலாம். பயிற்சியும் பள்ளியும் அதற்குத் தகுதி பெற்றவையா என்பதை முதலில் சேமநிதி அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள். அதில் இருப்பது அப்பாவின் முதுமைக்கான சோறு என்பதையும் வீட்டில் வாய்விட்டுப் பேச வேண்டும். விமான நிறுவனங்கள் கேடட் திட்டங்களை அறிவிக்கும்போது விண்ணப்பிப்பதே முதல் முயற்சியாக இருக்கட்டும். போட்டி கடுமை. ஆங்கிலம், கணிதம், இயற்பியலில் நல்ல தேர்ச்சி இல்லாமல் முதல் சுற்றையே தாண்ட முடியாது.

ஜொகூர் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூர் இளையர் விமானக் கழகம், அந்நாட்டு மாணவர்களுக்கு அரசாங்க உதவியோடு செலெத்தாரில் பிபிஎல் வரை பயிற்சி தருகிறது. பள்ளிப் பருவத்திலேயே பறந்து பார்த்துவிட்டு, இது நமக்கு ஒத்து வருமா என்று அந்தப் பிள்ளைகள் முடிவு செய்ய முடிகிறது. நம் சமூக அமைப்புகளும் மித்ராவும் இதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒரு மாணவருக்கு முழுக் கட்டணத்தையும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதைவிட, 50 மாணவர்களுக்கு கிளாஸ் 1 சோதனையும் ஒரு மணி நேர அறிமுகப் பறப்பும் ஏற்பாடு செய்தால், உண்மையில் யாருக்குத் தகுதியும் விருப்பமும் உள்ளது என்று தெரியும். பிறகு அவர்களில் சிலருக்கு பிபிஎல் வரை கடன் கொடுக்கலாம்.

முதலில் பிபிஎல், பிறகு சிபிஎல் என்று படிப்படியாகப் போகும் வழியிலும் குறை இருக்கிறது. 150-க்குப் பதில் 200 மணி நேரம் பறக்க வேண்டியிருக்கும். மேலே சொன்ன அதே கணக்கில் அது 50,000 ரிங்கிட் கூடுதல். ஒருங்கிணைந்த பயிற்சி முடித்தவர்களையே விரும்பும் நிறுவனங்களும் உண்டு. ஏற்கனவே பறந்த மணி நேரத்தை அடுத்த பள்ளி ஏற்குமா என்பதும் பள்ளிக்குப் பள்ளி மாறும். வசதியுள்ள குடும்பம் நேரே ஒருங்கிணைந்த பயிற்சிக்குப் போகட்டும். வீட்டை அடகு வைத்தால்தான் முடியும் என்ற குடும்பத்துக்கு, அந்தக் கூடுதல் தொகை ஒரு காப்புறுதி போன்றது. 40, 50 மணி நேரத்தில் இது நமக்கு ஒத்து வராது என்று தெரிந்தால், இழப்பு 60,000-உடன் நின்றுவிடும்.

கடைசியாக, பணம் கட்டும் முறை. முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி என்பார்கள். 2023 ஏப்ரலில் ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் பல ஆண்டுகளாக இயங்கிவந்த டேசைட் ஏவியேஷன் பள்ளி நொடித்துப்போனபோது, முன்பணம் கட்டியிருந்த மாணவர்கள் நடுத்தெருவில் நின்றனர். அவ்வளவு பெயர் பெற்ற இடத்திலேயே அப்படி என்றால், தள்ளுபடிக்காக நாம் ஏன் ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டும்? கட்டங்கட்டமாகக் கட்டுங்கள். பறந்த மணி நேரத்துக்கு மட்டும் பணம் என்பதே சிறந்தது. விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், எத்தனை நாளில் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பள்ளியின் அங்கீகாரம் நடப்பில் உள்ளதா என்று சிஏஏஎம் அகப்பக்கத்தில் பார்க்கலாம். வெளிநாட்டில் மலிவாக முடிக்கலாம் என்று முகவர் சொன்னால், அந்த உரிமத்தை மலேசிய உரிமமாக மாற்ற என்னென்ன தேர்வு, எவ்வளவு கட்டணம் என்று சிஏஏஎம்-மிடமே கேளுங்கள், முகவரிடம் அல்ல.

கடன் பத்திரத்தில் உத்தரவாதக் கையெழுத்துக்காக மாமாவையோ சித்தப்பாவையோ அழைக்கும் முன், மேலே உள்ள 2,950 என்ற எண்ணை அவர்களிடமும் காட்டிவிடுங்கள். பிள்ளை தவணை தவறினால் வங்கி அடுத்து அழைப்பது அவர்களைத்தான்.