பந்தய வண்டிக்கு முதற்செலவு எது?



மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பளபளக்கும் சைலன்சர்கள், அகலமான டயர்கள், வண்ண வண்ணக் கைப்பிடிகள் என்று முகப்பே கண்ணைப் பறிக்கும். பந்தய வண்டி வடிவில் வரும் மோட்டார் சைக்கிளை வாங்கிய இளைஞர் பலர், அடுத்த மாதமே அங்கே செல்கிறார்கள். "எதை மாற்றினால் வண்டி இன்னும் வேகமாகப் போகும்?" என்று கேட்கிறார்கள். "எதை மாற்றினால் வண்டி சீக்கிரம் நிற்கும்?" என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இதை நிறுவ உங்கள் இயற்பியல் பாடமே போதும்.

கியர் வண்டி ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆகவே நீங்கள் இன்னும் ஓட்டுநர் அல்லர். ஆயினும் பின்னிருக்கையில் அமர்பவர் நீங்கள். அண்ணனுக்கு யோசனை சொல்பவரும் நீங்களே.

முதலில் சைலன்சரைப் பார்ப்போம். சத்தம் பெருகினால் ஆற்றலும் பெருகியதாகப் பலர் எண்ணுகிறார்கள். சத்தம் என்பது வெளியேறும் வாயுவின் அழுத்த அலை; சக்கரத்துக்குப் போகும் விசையை அது காட்டுவதில்லை. இன்றைய வண்டிகளில் புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் உணரியின் குறிப்பைக் கொண்டு, ஒரு சிறு கணினி எரிபொருளை அளந்து விடுகிறது. சைலன்சரை மட்டும் மாற்றினால் இந்தப் பொருத்தம் குலையலாம். சிலர் வினையூக்கி மாற்றியையும் கழற்றி விடுகிறார்கள். கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டைஆக்சைடாக மாற்றும் கருவி அது. அது போனால், நச்சு வாயு தெருவில் நிற்பவர் மூக்குக்குப் போகிறது.

அடுத்து, செயின் சுற்றும் பல்சக்கரங்கள். முன்சக்கரத்தில் 14 பற்களும் பின்சக்கரத்தில் 42 பற்களும் இருந்தால் விகிதம் 3. பின்னால் 45 பற்கள் உள்ளதைப் பொருத்தினால் அது சுமார் 3.2 ஆகும். இழுவிசை ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். ஆனால் அதே வேகத்தில் செல்ல எஞ்சினும் 7 சதவீதம் கூடுதலாகச் சுழல வேண்டும். நெம்புகோலில் படித்த பாடம்தான் இது. விசையில் பெற்றதை வேகத்தில் கொடுத்துவிடுகிறோம்.

இனி நிற்பதற்கு வருவோம். வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். உலர்ந்த சாலையில் உராய்வுக் குணகம் 0.7 எனக் கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டால் சுமார் 20 மீட்டரில் வண்டி நிற்கும். 90 கிலோமீட்டரில் 45 மீட்டருக்கு மேல் வேண்டும். வேகம் ஒன்றரை மடங்கு. தூரமோ இரண்டே கால் மடங்கு! மழை நாளில் உராய்வு பாதியானால் இத்தூரங்கள் மேலும் இரு மடங்காகும்.

பிரேக்கின் விசை முழுவதும் உள்ளங்கை அகலமே உள்ள இரண்டு ரப்பர்ப் பரப்புகள் வழியாகத்தான் தரையை அடைகிறது. டயர் தேய்ந்திருந்தால் பெரிய பிரேக் தட்டு எதற்கு உதவும்? ஆகவே முதற்செலவு நல்ல டயர்களுக்கே. அளவு, தயாரிப்பாளர் குறித்த அளவாகவே இருக்கட்டும். குறுகிய ரிம்மில் அகலமான டயரைத் திணித்தால் அதன் வளைவு மாறி, வண்டி திரும்பச் சிரமப்படும். பந்தயத் திடலுக்கான மென்மையான டயரோ நன்கு சூடேறிய பின்னர்தான் இறுகப் பிடிக்கும். கடைத்தெரு ஓட்டத்தில் அந்தச் சூடு கிடைப்பதில்லை.

இரண்டாவது செலவு பிரேக் எண்ணெய். இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை எண்ணெயின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரமேறிய பின் அது 155 டிகிரிக்குக்கூட இறங்கலாம். சூட்டில் எண்ணெய் கொதித்து ஆவியானால், பிடியை அழுத்தும்போது ஆவிதான் சுருங்கும், பிரேக் பிடிக்காது. இதை மாற்ற ஆகும் செலவு, ஒரு சைலன்சர் விலையில் மிகச் சிறு பங்கே. மூன்றாவதாக ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற தலைக்கவசம், கையுறை, காலணி.

"வேகத்தில் இன்பம் இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. அதற்கு இருங்காட்டுக்கோட்டையிலும் கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்திலும் பந்தயத் திடல்கள் உள்ளன. அங்கேயும் வளைவுக்கு முன் யார் தாமதமாக, ஆனால் தடுமாறாமல் பிரேக் போடுகிறாரோ அவரே நேரத்தை மிச்சப்படுத்துகிறார். பொதுச்சாலையிலோ, பதிவு விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது.

இன்று மாலை வீட்டிலுள்ள வண்டியின் டயர் பள்ளங்களை உற்றுப் பாருங்கள். பள்ளத்தின் அடியில் சிறு ரப்பர் மேடுகள் தெரியும். டயரின் மேற்பரப்பு அம்மேடுகளின் மட்டத்துக்குத் தேய்ந்திருந்தால், அடுத்த செலவு எதற்கு என்பதை அண்ணனிடம் தயங்காமல் சொல்லுங்கள்.