வாத்தியார் பெயரில் ஒரு பந்தயம்: நின்றுபோக விடலாமா?

தலைவர் மறைந்தால் சிலை வைக்கிறார்கள். நடிகர் மறைந்தால் தெருவுக்குப் பெயர் சூட்டுகிறார்கள். ஒரு கால்பந்து வாத்தியார் மறைந்தால் என்ன செய்வது?

உக்ரைன் நாட்டின் தலைநகரம் கீவ் மூன்று காரியம் செய்தது. சிலை வைத்தது. ஸ்டேடியத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. மூன்றாவதாக, 2003-ல் அவர் பெயரில் ஒரு சர்வதேசப் பந்தயத்தைத் தொடங்கியது. மூன்றில் உருப்படியான காரியம் எது என்று கேட்டால், மூன்றாவதுதான்!

யார் அந்த வாத்தியார்?

வலேரி லோபனோவ்ஸ்கி. 1939-ல் கீவ் நகரில் பிறந்தவர். இன்ஜினீயரிங் படித்த ஆள். ஆடுகிற காலத்தில் இடது ஓரத்து ஆட்டக்காரர். கார்னரில் இருந்து அவர் உதைக்கிற பந்து வளைந்து இறங்கும். அதற்கே பேர் போனவர்.

ஆனால் உலகம் அவரைத் தெரிந்துகொண்டது கோச்சாகத்தான். 'டைனமோ கீவ்' அணியை எடுத்து நடத்தினார். மாஸ்கோ அணிகள் கொடிகட்டிப் பறந்த சோவியத் லீக்கில் 8 தடவை சாம்பியன் ஆக்கினார். உக்ரைன் தனி நாடான பிறகு 5 தடவை. 1975-ல் ஐரோப்பிய 'கப் வின்னர்ஸ் கப்' கோப்பையைக் கொண்டு வந்தார். சோவியத் கிளப் ஒன்று ஐரோப்பியக் கோப்பையைத் தொட்டது அதுவே முதல் தடவை. 1986-ல் அதே கோப்பை மறுபடியும். இரண்டு பைனலிலும் 3-0. 1988-ல் சோவியத் தேசிய அணியை ஐரோப்பியக் கோப்பை பைனல் வரை கூட்டிப் போனார்.

கம்ப்யூட்டர் என்ற பெயரே பலருக்குப் புதிதாக இருந்த காலத்தில், விஞ்ஞானி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டவர் இவர். எவன் எத்தனை தடவை பந்தை வாங்கினான், எத்தனை தடவை பறிகொடுத்தான் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு. ஆட்டக்காரன் சாக்குச் சொல்லித் தப்ப முடியாது!

அவர் கையில் வளர்ந்தவர்களில் 3 பேர் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து விருதை வாங்கினார்கள். 1975-ல் பிளோகின். 1986-ல் பெலானோவ். 2004-ல் ஷெவ்சென்கோ. ஒரே வாத்தியாரிடம் மூன்று பேர் என்றால் சும்மாவா?

2002 மே 7-ம் தேதி. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அவருக்குப் பக்கவாதம் கண்டது. மே 13-ல் உயிர் பிரிந்தது. வயது 63. இரண்டு நாள் கழித்து கிளாஸ்கோவில் சாம்பியன்ஸ் லீக் பைனல். அங்கே ஸ்டேடியமே எழுந்து நின்று மவுனம் காத்தது.

பையன்கள் கைக்கு வந்தது

2003-ல் பந்தயம் தொடங்கியபோது சீனியர் அணிகள்தான் ஆடின. 2006-ல் இருந்து 21 வயதுக்கு உட்பட்டவர்களின் பந்தயமாக மாற்றினார்கள். அதுதான் சரியான முடிவு.

நாலு நாடுகள் வரும். ஜெயித்த இரண்டும் கோப்பைக்கு மோதும். தோற்ற இரண்டும் மூன்றாம் இடத்துக்கு மோதும். ஒரு ஆட்டத்தில் தோற்றதும் மூட்டை கட்டுகிற பேச்சே இல்லை. எல்லோருக்கும் இரண்டு ஆட்டம் நிச்சயம். கற்றுக்கொள்கிற வயசில் இதைவிட வேறென்ன வேண்டும்?

இளைஞர் பந்தயம் என்ன செய்யும் என்று கேட்பவர்கள் ஷெவ்சென்கோவின் கதையைப் பார்க்கட்டும். 1986-ல் செர்னோபில் அணு உலை வெடித்ததும், ஊரை விட்டுக் கிளம்பிய குடும்பத்துப் பையன். 1990-ல் டைனமோவின் 14 வயதுக்கு உட்பட்டோர் அணியோடு வேல்ஸ் நாட்டுக்குப் போனான். இயன் ரஷ் பெயரில் நடந்த இளைஞர் பந்தயம் அது. அதிக கோல் போட்டவன் அவன்தான். பரிசு என்ன தெரியுமா? அந்த ரஷ் கையாலேயே ஒரு ஜோடி பூட்ஸ்!

அந்தப் பையன் 2003-ல் மிலான் அணிக்காக சாம்பியன்ஸ் லீக் பைனலில் கடைசி பெனால்டியை அடித்து ஜெயித்துக் கொடுத்தான். ஜெயித்த மெடலோடு நேரே கீவுக்குப் பறந்தான். வாத்தியாரின் சமாதியில் அதை வைத்தான்.

பூட்ஸ் கொடுத்தது ஒரு பந்தயம். மெடல் வந்து சேர்ந்தது ஒரு சமாதிக்கு. நடுவிலே 13 வருஷம். பிள்ளைகளுக்குச் செலவழிக்கிற காசு இப்படித்தான் திரும்பி வரும், அவசரப்பட்டால் நடக்காது.

குறையும் உண்டு

லோபனோவ்ஸ்கி ஒன்றும் அப்பழுக்கற்ற சாமி இல்லை. கெடுபிடிக்காரர். ஆட்களை இயந்திரமாக நினைத்தார் என்ற பழி அவருக்கு உண்டு. 1976-ல் அவர் வாங்கிய வேலை தாங்காமல் டைனமோ ஆட்டக்காரர்களே எதிர்த்துக் கிளம்பினார்கள். மறுவருஷம் அதே அணி மறுபடி சாம்பியன் ஆனது. ஆனாலும் அந்தக் கசப்பு நடந்தது நடந்ததுதான்.

அவர் பெயரில் பந்தயம் நடத்துகிறவர்கள் இதையும் மனசில் வைக்க வேண்டும். அவரிடமிருந்து கணக்கையும் ஒழுங்கையும் எடுத்துக்கொள்ளலாம். 19 வயசுப் பிள்ளையின் முழங்காலைத் தேய்த்துப் போடுகிற கெடுபிடியை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போர் வந்தது

2022 பிப்ரவரி 24-ல் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் புகுந்தது. அதன் பிறகு கீவில் வெளிநாட்டுப் பிள்ளைகளை அழைத்துப் பந்தயம் நடத்த வழி ஏது? பந்து உதைக்கிற வயசுப் பையன்கள் பலர் துப்பாக்கி தூக்கினார்கள். உள்நாட்டு லீக் 2022 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. பார்க்க ஆள் இல்லாத காலி ஸ்டேடியத்தில்! அபாயச் சங்கு ஊதினால் ஆட்டம் நிற்கும். பதுங்கும் இடத்துக்கு ஓட வேண்டும். சங்கு அடங்கினால் திரும்பவும் ஆட்டம்.

அப்படியும் அந்தப் பையன்கள் சோடை போகவில்லை. 2019-ல் 20 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையை ஜெயித்த நாடு அது. போருக்கு நடுவிலேயே 2023-ல் 21 வயதுக்கு உட்பட்டோர் ஐரோப்பியக் கோப்பையில் அரையிறுதி வரை போனார்கள். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில், உக்ரைன் வரலாற்றிலேயே முதல் தடவையாக, ஆண்கள் கால்பந்தில் ஆடினார்கள்.

'கீவ் மண்ணில் நடந்தால்தான் வாத்தியாருக்கு மரியாதை' என்று சிலர் சொல்லலாம். அந்த உணர்ச்சி புரிகிறது. ஆனால் நாட்டின் சீனியர் அணியே 2022-ல் இருந்து தன் 'சொந்த மண்' ஆட்டங்களை வெளிநாட்டு மைதானங்களில் ஆடி வந்திருக்கிறது. வாத்தியாரே ஐக்கிய அரபு எமிரேட்சிலும் குவைத்திலும் போய் வேலை பார்த்தவர்தான். அவர் போகலாம், அவர் பெயர் போகக் கூடாதா?

கீவில் முடியாதபோது பக்கத்து நாடு ஒன்று இடம் கொடுக்கட்டும். நாலு அணி, நாலு ஆட்டம். இது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. ஐரோப்பிய கால்பந்து சங்கம் நினைத்தால் நடக்கும். கீவில் பயமில்லாமல் பந்து உருளும் நாளில், பந்தயமும் ஊர் திரும்பட்டும்.

சிலை வெயிலிலும் பனியிலும் காத்திருக்கும். அதற்கு வயசாகாது. 20 வயசுப் பையனுக்கு அடுத்த வருஷம் 21, அதற்கடுத்த வருஷம் 22. அவனால் காத்திருக்க முடியாது!