தோற்றாலும் கூலி உண்டு



தடுப்பூசி, எண்ணற்ற குழந்தைகளின் உயிர்காக்கும் அருட்கொடை. எனினும் மிக அரிதாக அதனால் தீங்கு நேர்வதும் உண்டு. அவ்வாறு பாதிக்கப்பட்ட குழந்தையின் பெற்றோர் நீதி கேட்க விரும்பினால், வழக்காடுவதற்குப் பொருள் வேண்டாமா?

அமெரிக்கா இதற்கென 1986-இல் ஒரு சட்டம் இயற்றியது. 1988 அக்டோபரில் இழப்பீட்டுத் திட்டம் செயல்படத் தொடங்கியது. திட்டத்தில் அடங்கும் தடுப்பூசிகளின் மீது, ஒரு தவணை தடுக்கும் நோய் ஒவ்வொன்றுக்கும் 75 சென்ட் வீதம் வரி பெறப்பட்டு நிதியில் சேர்கிறது. இழப்பீடும், அதற்குப் புறம்பாக வழக்குரைஞரின் நியாயமான ஊதியமும் செலவும் அந்நிதியிலிருந்தே வழங்கப்படுகின்றன. அதற்கு மேல் அவர் கட்சிக்காரரிடம் ஒரு காசும் பெறலாகாது.

வழக்குத் தோற்றாலுமோ? நல்லெண்ணத்துடன், தக்க அடிப்படையுடன் தொடுக்கப்பட்டதாயின் அப்போதும் ஊதியம் வழங்க இடமுண்டு. காலங்கடந்து தொடுத்த மனுவுக்கும் இவ்விதி பொருந்தக்கூடும் என 2013-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வேற்பாடு இல்லையேல், வெற்றி உறுதியில்லாத எளியவரின் வழக்கை எவர் ஏற்பார்?

உழைத்தவருக்குக் கூலி சேரவேண்டும். அது துன்புற்றவரின் பங்கைக் குறைத்துவிடவும் கூடாது. இவ்விரு நீதியையும் ஒருங்கே பேணும் முறை எங்கிருப்பினும் போற்றத்தக்கதே.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். நல்லெண்ணத்தை அறிய நீதிமன்றம் ஆவணங்களைப் புரட்டுகிறது. நம் நிய்யத்தை அறிய அல்லாஹ்வுக்கு ஆவணம் தேவையில்லை.