அம்மாவிடம் கேட்டால்தான் தெரியும்: அமெரிக்காவின் ‘ப்ராம்ஸ்’ சர்வேயில் என்ன சிக்கல்?

குழந்தையைத் தூங்க வைக்கும்போது மல்லாக்கப் போடுவீங்களா, ஒருக்களிச்சா, குப்புறவா? பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்கிற கேள்வி மாதிரி இருக்கும். அமெரிக்காவில் இதை அரசு சுகாதாரத் துறையே கேட்டு வந்தது. குழந்தைக்கு இரண்டு முதல் ஆறு மாதம் இருக்கும்போது கேள்வித்தாள் தபாலில் வரும். பதில் போடாவிட்டால் திரும்ப வரும். அதற்கும் பதில் இல்லையென்றால் போன் வரும்.

‘ப்ராம்ஸ்’ எனப்படும் இந்த சர்வேயை, சிடிசி என்ற நோய்க் கட்டுப்பாட்டு மையம் மாநிலங்களுடன் சேர்ந்து 1987-ல் தொடங்கியது. அப்போது அங்கே சிசு மரணம் எதிர்பார்த்த வேகத்தில் குறையவில்லை. ஏன் என்று தேட பிறப்புச் சான்றிதழ் போதவில்லை. குழந்தையின் எடை அதில் இருக்கும். கர்ப்பமாக இருந்தபோது கணவன் அடித்தானா, அந்தக் கர்ப்பத்தை அவள் விரும்பினாளா, பிறகு மனசு எப்படி இருந்தது என்பதெல்லாம் இருக்காது.

எல்லாரிடமும் கேட்பதில்லை. பிறப்புப் பதிவேட்டிலிருந்து குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்தெடுப்பார்கள். குழந்தையை இழந்த தாயும் அதில் இருக்கலாம். அதனால், குழந்தை உயிரோடு இருக்கிறதா என்றும் ஒரு கேள்வி உண்டு. இல்லை என்று குறித்தால், வருத்தம் தெரிவிக்கும் ஒரு வரி. குழந்தை பற்றிய கேள்விகளைத் தாண்டிப் போகலாம்.

1994-ல் ‘மல்லாக்கப் படுக்க வையுங்கள்’ என்ற பிரச்சாரம் வந்தது. வீடுகளில் அதைக் கேட்டார்களா என்பதை இந்தப் பதில்கள் காட்டின. சமீபத்தில் குழந்தை பெற்றவர்களில் 8-ல் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் என்று சிடிசி சொல்வதும் இதை வைத்துத்தான். அம்மாக்கள் தாங்களே சொன்னது அது, டாக்டர் கண்டறிந்தது அல்ல. டாக்டரிடமே போகாதவர்களும் இதில் வருகிறார்கள் என்பதுதான் இதன் பலம்.

2025 ஜனவரியில் தகவல் சேகரிப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. ஏப்ரல் 1 அன்று சுகாதாரத் துறையில் நடந்த பெரிய ஆட்குறைப்பில் சிடிசியின் ப்ராம்ஸ் குழுவும் சிக்கியது. மாநிலங்கள் தனியாக நடத்த முடியாதா? முடியும், காசும் ஆளும் இருந்தால். ஆனால் ஆளுக்கொரு கேள்வி கேட்டால் ஒரு மாநிலத்தை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது.

விட்டுப்போன மாதங்களைப் பிறகு பிடிக்கவும் வழியில்லை. நடக்க ஆரம்பித்துவிட்ட குழந்தையின் அம்மாவிடம் போய், மூன்றாவது மாதத்தில் எப்படிப் படுக்க வைத்தீர்கள் என்று கேட்டால், “ஞாபகம் இல்லையே” என்றுதான் சொல்வார்.