குளம் சுருங்குகிறதா? வானிலிருந்து எண்ணிப் பார்ப்போம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் திடீர் வெள்ளம் வரும்போதெல்லாம் வடிகால்களைக் குறை சொல்கிறோம். மழைநீரைத் தாங்கும் குளங்களை மறந்துவிடுகிறோம். கெப்போங்கில் நாம் பட்டம் விடும் மெட்ரோபொலிட்டன் பூங்காவின் ஏரியும் ஒரு வெள்ளத் தடுப்புக் குளம்தான். தலைநகரில் இத்தகைய குளங்களின் நிலம் மேம்பாட்டுக்குப் போவது பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. குளம் சுருங்கினால், அதில் தங்க வேண்டிய நீர் யாரோ ஒருவரின் வீட்டுக்குள் போகும்.

குளத்தின் பரப்பை மாணவர்களாகிய நாமே அளக்கலாம். ஐரோப்பாவின் செண்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம். படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். 100 புள்ளிகள் சேர்ந்தால் 1 ஹெக்டர். நீர், அண்மை அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சிவிடும். செடிகள் அதைத் திருப்பி அனுப்பும். இந்த வேறுபாட்டைக் கொண்டு நீர்ப் புள்ளிகளைப் பிரித்து எண்ணினால் பரப்பு தெரிந்துவிடும்.

ஆனால், எண்ணிக்கையை அப்படியே நம்பக்கூடாது. 1 ஹெக்டர் சதுரக் குளத்தில் 100 புள்ளிகளில் 36 கரையோரப் புள்ளிகள். அவற்றில் நீரும் நிலமும் கலந்திருக்கலாம். 1 சதுர கிலோமீட்டர் ஏரியில் கரையோரப் புள்ளிகள் 4 விழுக்காடுதான். ஆகவே சிறிய குளங்களில்தான் பிழை அதிகம். ஆகாயத்தாமரை மூடிய நீர் நிலமாகவும், உயர்ந்த கட்டடத்தின் நிழல் நீராகவும் தெரியக்கூடும்.

மேகம் இன்னொரு தடை. 2021 டிசம்பர் 18இல் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதுபோன்ற நாள்களில் சாதாரணப் படம் வெள்ளையாகவே இருக்கும். மேகத்தை ஊடுருவிப் பார்ப்பது செண்டினல்-1 ரேடார். அந்த இரட்டைக் கோள்களில் ஒன்று அதே டிசம்பர் 23இல் பழுதானது; அதற்கு மாற்றாக 2024 டிசம்பரில்தான் புதிய கோள் ஏவப்பட்டது.

குளத்தின் ஆழத்தையும் இந்தப் படங்கள் காட்டா. பரப்பு மாறாமலே சேறு நிறைந்து கொள்ளளவு குறையலாம்.

எனவே, மழையற்ற நாள்களின் படங்களை ஆண்டுதோறும் ஒப்பிட வேண்டும் என்பது என் கருத்து. அதிகாரிகள் ஒவ்வொரு குளத்தின் எல்லை வரைபடத்தையும், தூர்வாரிய விவரத்தையும் யாரும் எளிதில் பார்க்கும்படி வெளியிட வேண்டும். எல்லைக்கோடு கையில் இருந்தால், ஓர் இடைநிலைப்பள்ளி மாணவர்கூடத் தம் பகுதிக் குளத்தைச் சரிபார்த்துக் கேள்வி கேட்க முடியும்.