மாற்றுத் திட்டங்களின் பட்டியலில் சேரி எங்கே?

ஆரணியிலிருந்து வேலூருக்குப் போகும் பேருந்து, கண்ணமங்கலம் தாண்டி அடுக்கம்பாறை வழியாகத்தான் ஊருக்குள் நுழையும். நகரத்துக்கு வெளியே அங்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்தபோது, நகரின் நடுவே இருந்த பென்ட்லண்ட் அரசு மருத்துவமனையின் பெரும்பாலான பணிகள் இடம்பெயர்ந்தன. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 2025 ஜூன் மாதம், அதே பென்ட்லண்ட் வளாகத்தில் புதிய பன்னோக்கு உயர் சிகிச்சை மருத்துவமனை திறக்கப்பட்டது. வெளியே போவது, பழைய இடத்திலேயே புதிதாகக் கட்டுவது என்ற இரண்டு வழிகளையும் ஒரே நகரம் பார்த்துவிட்டது.

மூன்றாவது வழியும் உண்டு. சென்னை ஓமந்தூரார் வளாகத்தில் சட்டமன்றத்துக்காகக் கட்டிய கட்டடம் 2014இல் பன்னோக்கு மருத்துவமனை ஆனது. அதன் அரசியல் காரணங்கள் எப்படியிருந்தாலும், இருக்கும் கட்டடத்தைச் சிகிச்சைக்கு ஏற்றதாக மாற்ற முடியும் என்பதற்கு அது சாட்சி. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏழெட்டு சதவீதம் சிமென்ட் உற்பத்தியால் வருகிறது. ஆகவே, இடிப்பதற்கு முன் பழுதுபார்க்க முடியுமா என்று கேட்பது சுற்றுச்சூழல் நோக்கில் முதல் கடமை.

மூன்றையும் எடைபோட்டால் என் வரிசை இது: பழையதைச் சீரமைப்பது முதலில். முடியாவிட்டால் நகருக்குள்ளேயே கட்டுவது. ஊருக்கு வெளியே போவது கடைசி. வெளியே போனால் விளைநிலமும் ஏரிக்கு நீர் வரும் வழியும் போகும். ஒவ்வொரு நோயாளியும் கூடுதலாக ஒரு பேருந்து ஏற வேண்டும். குழித்தறியில் உட்கார்ந்தே முதுகு போன நெசவாளிக்கும், அன்றாடக் கூலியை விட்டுவிட்டு வரும் சேரிப் பெண்ணுக்கும் அந்த ஒரு பேருந்தே சிகிச்சையைத் தள்ளிப்போடப் போதுமான காரணம்.

ஆனால் கழிவுகளைப் பற்றி ஆய்வு செய்கிற எனக்கு இந்த வரிசை போதவில்லை. மரம், நீர், தூசு, போக்குவரத்து எல்லாம் கணக்கில் வருகின்றன. கழிவு யார் கையில் போய்ச் சேரும் என்பது வருவதில்லை.

2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 75 கிலோமீட்டருக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் மருத்துவமனை தனக்கென ஒன்றை அமைக்கவும் கூடாது. அதாவது, கழிவு வளாகத்தை விட்டு வெளியேறியே ஆக வேண்டும். அது எந்த ஊரில் எரிகிறது? அந்தப் புகை யார் குடியிருப்பின் மேல் இறங்குகிறது? வளாகத்துக்குள்ளேயே இருக்கும் கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவார்கள்?

கடைசிக் கேள்விக்கு விடை நமக்குத் தெரியும். மனிதரை மலக்குழியில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மரணத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. உயிருக்கான தொகை மாறியது, இறங்குகிறவரின் சாதி மாறவில்லை.

இதைச் சொல்ல அந்த மக்களுக்கு மேடையும் இல்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டடங்களுக்கு முன் அனுமதி வேண்டும். ஆனால் கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு உண்டு. மாற்றுகளை எடைபோடும் அறையில் பொறியாளரும் ஆலோசகரும் அதிகாரியும் இருக்கலாம். ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

“ஏழைகளுக்கான மருத்துவமனையைத் தடுக்கிறீர்களா?” என்று கேட்பார்கள். அரசு மருத்துவமனை இல்லாவிட்டால் முதலில் சாவது நம்மவர்கள்தான். அதனால் அது வந்தே தீர வேண்டும். நம்மைக் குணமாக்கும் இடமே நம்மவர் ஒருவரைக் குழியில் இறக்கக் கூடாது என்பதுதான் கோரிக்கை. குளத்து நீர் யாருக்கு என்று 1927இல் மகத்தில் அண்ணல் அம்பேத்கர் எழுப்பியதும் சுற்றுச்சூழல் கேள்விதான்.

சட்டத்திலும் நமக்கு ஒரு பிடி இருக்கிறது. ஆரணியைத் தொட்டு ஓடும் கமண்டல நாகநதி செய்யாற்றில் கலக்கிறது, செய்யாறு பாலாற்றில். அந்தப் பாலாற்றைத் தோல் கழிவு கெடுத்த வழக்கில்தான், 1996இல், தீங்கு வராது என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துகிறவருடையது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த அளவுகோல் மருத்துவமனைக்கும் பொருந்த வேண்டும்.

நாளை ஆரணி அரசு மருத்துவமனைக்கே புதிய வளாகத் திட்டம் வரலாம். அன்று மூன்று விஷயங்களைக் கேட்போம். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் கருத்துக்கேட்பு நடத்துங்கள். அதைச் சேரியிலும் நடத்துங்கள். கழிவு போய்ச் சேரும் ஊரின் பெயரைத் திட்ட அறிக்கையில் எழுதுங்கள். மனிதர் இறங்கத் தேவையில்லாதபடி கழிவுநீர் அமைப்பை வடிவமைத்து, அதைப் பராமரிப்பவர்களை நிரந்தரப் பணியில் அமர்த்துங்கள். இவற்றுக்குப் பதில் சொல்லாத எந்த மாற்றுத் திட்டமும், எத்தனை மரம் நட்டாலும், பசுமைத் திட்டம் ஆகாது.